குன்னூர் வீட்டுச் சமையலறை: ஓதம் ஏறும் சுவருக்கு எந்தப் பலகை, எந்த அமைப்பு?

தேயிலைமேடு (குன்னூர்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். குன்னூரிலிருந்து வெலிங்டன் செல்லும் வழியில் உள்ள எங்கள் வீட்டின் சமையலறையை முழுமையாக மாற்றியமைக்க எண்ணியிருக்கிறோம். என் மாமனார் ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன்பு, சரிவை வெட்டிச் சமன்செய்த இடத்தில் கட்டிய வீடு இது. அறையின் நீளம் 11 அடி, அகலம் 8 அடி. நீளச் சுவர்களில் ஒன்று மண்மேட்டை ஒட்டி நிற்கிறது. எதிர்ச்சுவர் பள்ளத்தாக்கைப் பார்த்திருக்கிறது, சன்னல் அதில்தான். குறுகிய சுவர்களில் ஒன்று கூடத்தை ஒட்டியது. மேட்டுப்பக்க மூலையில் அதன் வாசல் உள்ளது. மற்றொன்று வெளிச்சுவர், அதிலும் மேட்டுப்பக்க மூலையில் தோட்டத்துக்குப் போகும் பின்கதவு இருக்கிறது.

6 ஆண்டுகளுக்கு முன்பு, சமவெளியிலிருந்து வந்த ஒரு நிறுவனத்தாரிடம் மாடுலர் கிச்சன் செய்துகொண்டோம். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு என்பது பின்னர்தான் எங்களுக்குத் தெரிந்தது. முதல் ஐப்பசி மழையிலேயே கீழ்ப்பலகைகள் உப்பத் தொடங்கின. மூன்றாம் ஆண்டில் கதவுகளின் கீல் திருகாணிகள் தூளோடு கையில் வந்துவிட்டன. இப்போது எந்த அலமாரியைத் திறந்தாலும் பூஞ்சை வாடை அடிக்கிறது. டப்பாவில் வைத்த அரிசியிலும் அந்த வாடை ஏறுவதால், மளிகைப் பொருள்களையெல்லாம் கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டோம். என் மாமியாருக்கு வயது 76. அன்றாடம் சமையலறையில் நிற்பது தம் உரிமை என்று எண்ணுபவர். அவர் அந்த அலமாரிகளைத் திறக்கவே மறுக்கிறார்.

இம்முறை தவறு நேரக் கூடாது என்பது என் கவலை. ஒருவர் மரைன் பிளைவுட் என்கிறார், ஒருவர் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்யும் டபிள்யூ.பி.சி. பலகை என்கிறார், வேறொருவர் அலுமினியம் ஒன்றே மலைக்கு ஏற்றது என்கிறார். எந்தப் பொருள் இந்த ஈரத்தைத் தாங்கும்? அடுப்பு, சிங்க், குளிர்பதனப் பெட்டி, மளிகை அலமாரி ஆகியவற்றை எங்கே வைப்பது? மேடையின் உயரமும் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. மாமியாரின் உயரம் 4 அடி 10 அங்குலம், என் உயரம் 5 அடி 4 அங்குலம். அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

உளிச்சத்தம் (கோத்தகிரி) எழுதுகிறார்:

சகோதரிக்கு வணக்கம். இந்த மலையில் 30 ஆண்டுகளுக்கும் மேலாகத் தச்சு வேலை செய்து வருகிறேன். பலகையைப் பற்றிச் சொல்வதற்கு முன்பு சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய நீலகிரி வீடுகளில் விறகடுப்பு நாள் முழுவதும் எரிந்ததால், சுவரும் பரணும் எப்போதும் சூடாகவும் உலர்ந்தும் இருந்தன. எரிவாயு அடுப்பு வந்தபின் புகை போய்விட்டது, அந்தச் சூடும் போய்விட்டது; ஆனால் சமையலின் ஆவி மட்டும் அறைக்குள்ளேயே தங்குகிறது. அதன்பிறகுதான் சமையலறைச் சுவர்களில் ஓதம் ஒரு பெருந்தொல்லையாக மாறியது என்பது என் கண்ணால் கண்டது.

ஆகவே முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். 2 அடிக்கு 2 அடி அளவுள்ள தெளிந்த பாலித்தீன் தாளை மேட்டுப்பக்கச் சுவரின் கீழ்ப்பகுதியில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் அடைத்துவிடுங்கள். அதேபோல் ஒன்றைப் பள்ளத்தாக்குப் பக்கச் சுவரிலும் ஒட்டுங்கள். மூன்று நாள் கழித்துப் பார்க்கும்போது தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் கோத்திருந்தால், அந்த ஈரம் மண்ணிலிருந்து சுவர் வழியாக வருகிறது. தாளின் மேற்புறம், அதாவது அறையைப் பார்த்த பக்கம், வியர்த்திருந்தால் அது சமையல் ஆவி குளிர்ந்த சுவரில் படிவது. இரண்டுக்கும் மருத்துவம் வேறு வேறு. மண்ணிலிருந்து வரும் ஈரத்தை உட்புறம் பூசும் எந்த வண்ணமும் நிறுத்தாது. வெளியே சுவரை ஒட்டித் தரைமட்டத்துக்குக் கீழே வாய்க்கால் வெட்டி, சரளைக்கல் நிரப்பி, மழைநீரைச் சரிவுக்குத் திருப்ப வேண்டும். ஆவியால் வரும் ஈரத்துக்கு வேண்டியது காற்றோட்டம்.

இப்போது பலகை. பார்ட்டிகிள் போர்டையும், மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையையும் இந்தச் சமையலறையின் வாசலுக்குள்ளேயே விடாதீர்கள். எச்.டி.எச்.எம்.ஆர். என்று விற்கப்படும் அழுத்தப் பலகை அவற்றைவிட அடர்த்தியானது, ஈரத்தைச் சற்றுத் தாங்குவது. ஆயினும் அது நீர்புகாப் பலகை அன்று. பெட்டியின் உடலுக்கு நான் பயன்படுத்துவது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரக்குறி உள்ள 18 மி.மீ. பிளைவுட், அதாவது மரைன் பிளைவுட் மட்டுமே. அதன் பசை 72 மணிநேரம் கொதிநீரில் கிடந்தும் விடாமல் பிடிக்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதி. 'வாட்டர்புரூஃப்' என்று கடைக்காரர் வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். பலகையின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதனோடு உரிம எண்ணும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். நீங்கள் கடையிலேயே நின்று இதைச் செய்யுங்கள். பலகை மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் ஏறி வந்தபின் திருப்பி அனுப்புவது எளிதன்று.

ஆனால் பசை தாங்கினாலும் மரம் ஈரத்தைக் குடிக்கத்தான் செய்யும். அதனால் பலகையைக் கொண்டுவந்தவுடன் அறுக்காமல், அந்த வீட்டுக்குள்ளேயே சட்டங்களின் மேல் இடைவெளி விட்டு அடுக்கி இரண்டு வாரம் வைத்திருக்க வேண்டும். கீழ்நாட்டு வெயிலில் காய்ந்த பலகை இங்கே வந்து ஈரம் ஏற்று விரிந்து நிற்கும் அளவுதான் அதன் உண்மையான அளவு. அடுத்தது, உள்ளும் புறமும் இருபக்கமும் மைக்கா ஒட்ட வேண்டும். வெளிப்பக்கம் மட்டும் ஒட்டி உள்ளே வெறும் வார்னிஷ் பூசினால், ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்துக் கதவு வில்லாக வளையும். அறுத்த விளிம்புகள் அனைத்துக்கும், கண்ணில் படாத அடிப்பக்கத்துக்கும், சிங்க்குக்காக வெட்டிய துளையின் ஓரத்துக்கும்கூட 2 மி.மீ. எட்ஜ் பேண்ட் என்ற விளிம்புப் பட்டை அல்லது எப்பாக்சிப் பூச்சு வேண்டும். பெட்டி தரையில் உட்காரக் கூடாது. 4 அங்குல உயரக் கால்களின் மேல் நின்றால் துடைக்கவும் முடியும், காற்றும் ஓடும்.

சில்வர் ஓக் இங்கே மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். தேயிலைக்கு நிழல் தருவதில் அதற்கு இணையில்லை. ஈரமான சமையலறையில் அதற்கு ஆயுள் குறைவு, வண்டும் எளிதில் விழும்.

கூடலூர்மழை (கூடலூர்) எழுதுகிறார்:

மேலே எழுதிய ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் மேடைக்குக் கீழே மரமே வேண்டாம் என்பது என் கருத்து. எங்கள் பகுதியில் ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவமழை இரவும் பகலும் பெய்யும். துணி உலர்வதற்கே வாரக்கணக்கில் ஆகும். நாங்கள் மேடைக்குக் கீழே செங்கல் தடுப்புச் சுவர்கள் எழுப்பி, அவற்றின் மேல் கடப்பாக் கல் தட்டுகள் வைத்து, முன்புறம் கதவு மட்டும் பொருத்தினோம். ஒன்பது ஆண்டுகளில் கதவுகளை ஒருமுறை மாற்றியிருக்கிறோமே தவிர, தட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு தவறு செய்தோம், அதை நீங்கள் செய்யாதீர்கள். கடப்பாக் கல்லின் பின்விளிம்பை ஓதம் உள்ள சுவருக்குள் செருகிப் பூசிவிட்டோம். சுவரின் ஈரம் அந்த வழியே தட்டுக்கு வந்துவிட்டது. தட்டு இருபக்கத் தடுப்புகளின் மேல் மட்டும் அமர்ந்து, பின்சுவரைத் தொடாமல் விரல் நுழையும் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். இன்னொன்று, கடப்பாக் கல் சுண்ணாம்பு வகைக் கல் என்பதால் புளியும் எலுமிச்சையும் பட்டால் கறைபிடித்து மங்கும். ஆகவே மேடையின் மேற்பரப்புக்குக் கிரானைட்டையே போடுங்கள்.

கதவுக்கு டபிள்யூ.பி.சி. பயன்படுத்தியதில் எங்களுக்குக் கலந்த அனுபவம். தண்ணீருக்கு அது சிறிதும் அஞ்சவில்லை, பூஞ்சை படிந்தாலும் துடைத்தால் போய்விடுகிறது. ஆனால் அடுப்புக்குப் பக்கத்திலிருந்த கதவு சூட்டில் வளைந்தது. திருகாணியும் பிளைவுட்டில் பிடிக்கும் அளவுக்கு அதில் பிடிப்பதில்லை. சிங்க்குக்குக் கீழே அதைப் போடலாம், அடுப்புக்குக் கீழே வேண்டாம். நீளத் தட்டுகளுக்கும் அது ஏற்றதன்று. 2 அடிக்கு மேல் தாங்கலின்றி விட்டால் பாத்திரப் பாரத்தில் தொய்யும்.

எவர்சில்வரில் கூடையோ கீலோ வாங்கினால் 304 தரம் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். காந்தம் வைத்துப் பார்த்தால் போதும் என்பார்கள். நிக்கல் குறைந்த 202 வகையும் காந்தத்தில் ஒட்டாது என்பதால் அந்தச் சோதனை இங்கே பயன்படாது. 202 வகை இந்த ஈரத்தில் சில ஆண்டுகளிலேயே துருப்புள்ளி காட்டும்.

தேயிலைமேடு (குன்னூர்):

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பாலித்தீன் தாள்களை ஒட்டி மூன்று நாள் கழித்துப் பார்த்தோம். மேட்டுப்பக்கச் சுவரில் தாளுக்கு உட்புறம் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. ஆனால் தரையிலிருந்து 2 அடி உயரம் வரைதான், அதற்கு மேல் ஒட்டியிருந்த இன்னொரு தாள் உலர்ந்திருந்தது. பள்ளத்தாக்குப் பக்கத் தாளில் உட்புறம் ஈரமே இல்லை. காலையில் பருப்பு வேகவைத்தபின் வெளிப்புறம் மட்டும் வியர்த்திருந்தது. கூடத்தை ஒட்டிய சுவர் முற்றிலும் உலர்ந்தது. பழைய பெட்டிகள் அனைத்தும் மேட்டுப்பக்கச் சுவரில்தான் சாய்ந்திருந்தன என்பதை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இந்த நிலையில் அறையை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று யாராவது வழிகாட்ட முடியுமா?

வரைபலகை (உதகை) எழுதுகிறார்:

அம்மா, உங்கள் சோதனையே அறையின் வரைபடத்தைப் பாதி வரைந்துவிட்டது. பெட்டிகளும் மேடையும் பள்ளத்தாக்குப் பக்கச் சுவரிலும் வெளிச்சுவரிலுமாக 'எல்' வடிவில் அமையட்டும். மேட்டுப்பக்கச் சுவரில் எதையும் அடித்துப் பொருத்த வேண்டாம். சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி, திறந்த எவர்சில்வர் தாங்கி ஒன்றும் நகர்த்தக்கூடிய ஒரு மேசையும் நிற்கட்டும். ஈரப் பாத்திரங்களை மூடிய அலமாரிக்குள் கவிழ்த்து வைப்பதுதான் பூஞ்சைக்கு நாமே இடும் உணவு. அவை அந்தத் தாங்கியில் நன்றாக உலரட்டும்.

இனி அளவுகள். 11 அடிச் சுவரில் வெளிச்சுவர் மூலையிலிருந்து தொடங்கினால், மூலைக்கு 2 அடி, நறுக்கும் இடத்துக்கு 2½ அடி, சன்னலுக்குக் கீழே சிங்க்குக்கு 2½ அடி, உயரமான மளிகை அலமாரிக்கு 1½ அடி, கூடத்துச் சுவரை ஒட்டிக் குளிர்பதனப் பெட்டிக்கு 2½ அடி என்று சரியாக அமைகிறது. சன்னலை நகர்த்த முடியாது என்பதால், அது சற்றுத் தள்ளியிருந்தால் நறுக்கும் இடத்தைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள். மளிகையைக் குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் பெட்டி நாள் முழுவதும் மெல்லிய வெப்பத்தை வெளிவிடுகிறது. விறகடுப்பு செய்த வேலையில் ஒரு சிறு பங்கை அது செய்யும். உப்பும் வெல்லமும் இளகாமல் இருப்பதை நீங்களே காண்பீர்கள். அலமாரியின் பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவே 2 அங்குல இடைவெளியும், கீழும் மேலும் காற்றுத் துளைகளும் விடுங்கள்.

அடுப்பு வெளிச்சுவரில் வரட்டும். 8 அடியில் பின்கதவுக்கு 3 அடி போனால் மீதம் 5 அடி. மூலைக்கு 2 அடி, அடுப்புக்கு 2 அடி, அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே 1 அடி மேடை. கதவைத் திறக்கும்போது காற்றில் சுடர் அலையாமலிருக்க, அந்த 1 அடி மேடையில் வெப்பம் தாங்கும் கண்ணாடித் தடுப்பு ஒன்று நிறுத்துங்கள். இந்த அமைப்பில் குளிர்பதனப் பெட்டியிலிருந்து சிங்க்குக்கு 4 அடி, சிங்க்கிலிருந்து அடுப்புக்கு ஏறத்தாழ 5 அடி, அடுப்பிலிருந்து திரும்பக் குளிர்பதனப் பெட்டிக்கு 9 அடி. மொத்தம் 18 அடி. இந்த மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் சுற்றளவு 13 அடிக்குக் குறையாமலும் 26 அடிக்கு மிகாமலும் இருப்பது நலம் என்பது சமையலறை வடிவமைப்பில் நெடுநாளாக வழங்கும் கணக்கு. சிறிய அறையென்று தயங்க வேண்டாம். 1926இல் மார்கரெத்தே ஷ்யூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை, இன்றைய அடுக்குப் பெட்டிச் சமையலறைகளுக்கெல்லாம் முன்னோடி. அதன் நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.9 மீட்டர்தான். உங்கள் அறையின் நீளம் ஏறத்தாழ அதேதான், அகலம் அதைவிடக் கூடுதல்.

புகைபோக்கியில் சிக்கனம் பார்க்காதீர்கள். மலையில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுகிறது. குன்னூரில் ஏறத்தாழ 94, உதகையில் 93 டிகிரிக்குள். அதனால் திறந்த பாத்திரத்தில் எதுவும் வேக அதிக நேரம் பிடிக்கிறது, ஆவியும் அதற்கேற்பக் கூடுகிறது. குழாயில்லாத புகைபோக்கி எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் வடிகட்டி, ஆவியை அறைக்குள்ளேயே திருப்பி விடும். உங்கள் அடுப்பு வெளிச்சுவரில் இருப்பதால் குழாயை வளைவின்றி நேராக வெளியே விடலாம். பள்ளத்தாக்குச் சுவர் வியர்ப்பது அப்போதே பெரும்பாலும் குறையும்.

மேடை உயரத்துக்கு நான் பின்பற்றும் வழி, நிற்பவரின் முழங்கை உயரத்திலிருந்து 4 முதல் 6 அங்குலம் குறைப்பது. உங்களுக்கு அது 34, 35 அங்குலமாகவும் உங்கள் மாமியாருக்கு 31, 32 அங்குலமாகவும் வரும். பொது மேடை 33 அங்குலம் இருக்கட்டும். அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் 30 அங்குலமாகத் தாழ்த்துங்கள். அடுப்பின் உயரமும் குக்கரின் உயரமும் அதன்மேல் ஏறுவதை மறந்துவிட்டுத்தான் பலரும் தோள்வலி வரவழைத்துக்கொள்கிறார்கள். மேட்டுப்பக்க மேசையை மாமியார் உட்கார்ந்து காய் நறுக்கும் உயரத்தில் செய்து கொடுங்கள். மாவரைக்கும் கிரைண்டரும் சக்கரம் வைத்த தாழ்ந்த பலகையில் அங்கேயே நிற்கட்டும். அதை மேடைக்குத் தூக்கும் வேலையே வேண்டாம்.

கீழ்ப்பெட்டிகளில் கதவைவிட இழுப்பறை நல்லது. குனிந்து மண்டியிட்டு உள்ளே துழாவ வேண்டியதில்லை. நாள்தோறும் திறந்து மூடும்போது காற்றும் மாறுகிறது. இதற்காகவே, கூடலூர் அன்பர் சொன்ன கல்தட்டு முறையைச் சிங்க்குக்குக் கீழும் மூலையிலும் மட்டும் வைத்துக்கொண்டு, நறுக்கும் இடத்துக்குக் கீழே கோத்தகிரி ஐயா சொன்ன பிளைவுட் பெட்டியில் மூன்று இழுப்பறைகள் செய்யலாம். மேலே கரண்டிகளுக்கு 4 அங்குலம், நடுவில் தட்டுகளுக்கு 6 அங்குலம், அடியில் குக்கர், குழம்புச் சட்டி போன்றவற்றுக்கு 12 அங்குலம்.

எரிவாயு உருளை அடுப்புக்குக் கீழே நேராக நிற்க வேண்டாம். பின்கதவை ஒட்டிய 1 அடி மேடைக்குக் கீழே அதன் விட்டத்துக்குச் சற்று இடம் கூட்டிக் கொடுத்தால் நிற்கும். கசியும் வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். ஆகவே அந்த இடத்தின் கதவில் அடிமட்டத்தில் துளைகளும், தரைமட்டத்தில் வெளியே செல்லும் ஒரு காற்றுவழியும் இருக்க வேண்டும். எண்ணெய் டின்னைப் பின்கதவருகே வைக்காதீர்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் எண்ணெய் வாசனைக்குக் கரடி வருவதை நீங்கள் அறிவீர்கள். காற்றுவழிக்கும் கனமான இரும்புக் கம்பி வலை போடுங்கள்.

தேயிலைமேடு (குன்னூர்):

அம்மா என்று அழைத்து அவ்வளவு பொறுமையாக விளக்கியதற்கு நன்றி. உங்கள் அளவுகளைத் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்தோம். மாமியார் அந்தக் கோடுகளுக்கு நடுவே நடந்து பார்த்துவிட்டு, மளிகை அலமாரியின் இடத்தை மட்டும் மிகவும் விரும்பினார். இழுப்பறையும் கல்தட்டும் கலந்த முறையையே தேர்ந்தெடுக்கிறோம். கடைசியாக ஒரு கேள்வி: இப்போது ஆவணி நடக்கிறது. வேலையை எந்த வரிசையில், எப்போது தொடங்கலாம்?

உளிச்சத்தம் (கோத்தகிரி):

சகோதரி, வெளிப்புற வாய்க்காலை இந்த மாதமே வெட்டிவிடுங்கள். ஐப்பசி மழை தொடங்கும்முன் அது முடிந்திருக்க வேண்டும். மழைக்காலம் முழுவதும் தச்சு வேலை எதுவும் வேண்டாம். மேட்டுப்பக்கச் சுவரில் 3 அடி உயரம் வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் தெரிய அப்படியே விட்டுவையுங்கள். தை மாதத்தில் அதே பாலித்தீன் தாளை மீண்டும் ஒட்டிப் பாருங்கள். வாய்க்கால் வேலை செய்கிறதா என்று அது சொல்லிவிடும். உலர்ந்திருந்தால் மாசியில் பூசி, கல்தட்டு வேலையை முடித்து, பலகையைக் கொண்டுவந்து இரண்டு வாரம் அடுக்கி வையுங்கள். பங்குனியில் அறுக்கத் தொடங்கினால் சித்திரைக்குள் கதவுகள் மாட்டி முடித்துவிடலாம். தாள் இன்னும் ஈரமாக இருந்தால் பூச வேண்டாம். எனக்கு இங்கேயே எழுதுங்கள், வாய்க்காலின் ஆழத்தை நேரில் வந்து பார்க்கிறேன்.